ஞாயிற்றுக்கிழமை மொட்டுகள்

இன்றைக்கும் ஒன்று விழுந்து கிடந்தது. தொட்டிக்குள் விழுந்திருந்தால் கண்ணில் படாமலாவது போயிருக்கும். மொசைக் தரையில், நட்டநடுவில், யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போனதுபோல மஞ்சளாகச் சுருங்கிக் கிடந்தது. சென்னியப்பன் குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். கொண்டைக்கடலை அளவு. நேற்றுவரை பச்சையாக, கெட்டியாக, இன்னும் கொஞ்ச நாளில் பூத்துவிடுகிறேன் என்று நம்ப வைத்துக்கொண்டு காம்பில் இருந்ததுதான். அதற்குள் என்ன நினைத்ததோ. குப்பைக்கூடை காலடியிலேயே இருக்கிறது, போட்டுவிடலாம். கை போகவில்லை. முன்பு விழுந்தவற்றுக்கும் போகவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சாப்பிட்டாயிற்று, தட்டைக் கழுவி வைத்தாயிற்று, அம்மா கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் சாயங்காலம்தான் உள்ளே விடுவார்கள். அதுவரை இந்த அறையும் இந்த ஆர்க்கிட் செடியும் இந்த வெயிலும்தான். சேலத்து வைகாசி வெயில், ஜன்னலைச் சாத்தினாலும் சுவர் வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாயங்காலம் போய் நின்றதும் மனைவி கோகிலவாணி சாப்பிட்டீர்களா என்று கேட்கமாட்டாள், தூங்கினீர்களா என்று கேட்கமாட்டாள், "பூத்துருச்சுங்களா?" என்பாள். பிள்ளை தங்கட்டும் என்று கருப்பைவாயில் தையல் போட்டு, கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, எழுந்து நடக்கவே கூடாது என்று படுக்க வைத்திருக்கிறார்கள். இந்த மாதம் தாண்டட்டும், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சேர்க்கப் போன அன்றைக்குக் காரில் ஏறுவதற்கு முன்னால் அவள் திரும்பிப் பார்த்துச் சொன்னது இதுதான்: "மொட்டு வச்சுருக்குது, பாத்துக்கங்க. அது பூக்கறப்ப நான் வந்துருவேன்." சும்மா சொன்னாள். வாயில் வந்ததைச் சொன்னாள். அப்படிச் சும்மா சொல்வதெல்லாம்தான் மனதில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது.

அவனும் பழுது பார்க்கிற ஆள்தான். லிஃப்ட். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள், வெளியே இருப்பவர்கள் அதைவிடக் கத்துவார்கள், அவன் மட்டும் வாயைத் திறக்காமல் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவான். மின்சாரம் வருகிறது, அப்படியானால் அது இல்லை. கதவு சரியாக மூடியிருக்கிறது, அதுவும் இல்லை. எல்லாம் போக மிஞ்சுவதுதான் கோளாறு. செடிக்கும் அதையேதான் செய்து பார்க்கிறான். வேர்? கண்ணாடி மாதிரித் தெரிகிற தொட்டிதான், வெளியிலிருந்தே பார்க்கலாம். கரித்துண்டுக்கும் தேங்காய்மட்டைக்கும் நடுவே வேர் எல்லாம் வெள்ளி நிறத்தில், தண்ணீர் பட்டால் பச்சையாகி, விரலால் அழுத்தினால் விறைப்பாக இருக்கிறது. அழுகின வேர் பழுப்பாகி நொளுநொளுவென்று கையோடு வரும் என்று கோகிலவாணி காட்டியிருக்கிறாள். அது இல்லை. குருத்து? அவள் போன புதிதில் அம்மா பாசமாக ஒரு சொம்புத் தண்ணீரை உச்சியிலிருந்து ஊற்றி, "குளிப்பாட்டி விட்டுருக்கறன் கண்ணு" என்று வேறு சொன்னாள். குருத்தில் தண்ணீர் தேங்கினால் நடுவிலிருந்து அழுகி மொத்தமும் போய்விடும். அலறிப் புடைத்துக்கொண்டு வந்து காகிதக் கைக்குட்டையைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுத்தான். பிழைத்துக்கொண்டது. அதுவும் இல்லை. பக்கத்துச் சின்னச் செடியில் ஓர் இலையில் கறுப்பாக, ஊறின மாதிரி ஒரு புள்ளி வந்தது. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, புள்ளிக்கு அப்பால் நல்ல இலையும் கொஞ்சம் சேர வெட்டி, வெட்டின வாயில் பட்டைத் தூளை அப்பினான். மிக்சியில் பட்டை அரைத்த அன்றைக்கு வீடெல்லாம் குருமா வாசனை, அம்மா ஆசையாக அடுப்படிக்கு வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனாள். அந்தப் புள்ளி இங்கே தாவவில்லை. பூச்சி? அது இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இலையும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சைக் கிள்ளி வைத்ததுபோல மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எடுத்து, அடுத்த வாரம் திரும்ப, அதற்கடுத்த வாரம் திரும்ப. ஒரு தடவையோடு விட்டால் முட்டையெல்லாம் பொரித்து வந்து நிற்கும், அவள் போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். இப்போது ஒன்றுகூட இல்லை. வெள்ளைக் காகிதத்தால் இலையின் அடிப்பக்கம் துடைத்தால் துருக்கறை மாதிரி ஒட்டவில்லை, அதனால் சிலந்திப்பூச்சியும் இல்லை. அவளுடைய பூதக்கண்ணாடியை வைத்து மொட்டுக்காம்பு முழுக்கப் பார்த்தாயிற்று. எல்லாம் கழித்தாயிற்று, மிஞ்சுவது ஒன்றுமே இல்லை, மொட்டு மட்டும் விழுகிறது. ஒன்றுமே இல்லாமல் விழுகிறது என்றால்.

அது வேறு, இது வேறு. செடி வேறு, அவள் வேறு. இதை அவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறான் என்று கணக்கில்லை, லிஃப்ட் குழிக்குள் இறங்கி நிற்கும்போதுகூடச் சொல்லிக்கொள்கிறான். முதல் தடவை நாள் தள்ளிப்போனது தெரிந்து இனிப்பு வாங்கிவந்த வாரத்திலேயே முடிந்துபோனது. இரண்டாவது ஐந்தாம் மாதம். அன்றைக்கும் டாக்டர் இதையேதான் சொன்னார், எல்லாம் பார்த்துவிட்டோம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, காரணம் தெரியவில்லை. காரணம் தெரியவில்லை. கோளாறு இருக்கிறது என்று சொன்னால் சரி செய்யலாம், ஸ்குரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் ஏறலாம். ஒன்றுமில்லை என்று சொன்னால் என்ன செய்வது? அதற்கப்புறம்தான் அவளை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனான், எங்காவது போகலாமா என்று கேட்டதற்கு அவள் தலையாட்டின ஒரே இடம் அது. வளைவு ஒவ்வொன்றிலும் பேசாமலே வந்தவள், வழியில் ஒரு நர்சரியில் இறங்கி ஒரு தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வைக்கவே இல்லை. பூ இல்லை, மொட்டு இல்லை, நாலு இலை. நர்சரிக்காரர் சொன்னார்: "இது லேசுல சாவாதுங்கம்மா. நாமளா ரொம்பக் கவனிச்சாத்தான் சாவும்." அவள் சிரித்தாள். பல வாரம் கழித்து முதல் சிரிப்பு. அவள் வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில், நாள் முழுக்கக் கண்ணாடிச்சில்லில் யாருடைய ரத்தத்தையோ பார்த்துக்கொண்டிருப்பவள். செடியையும் அப்படித்தான் பார்ப்பாள், பதற்றமில்லாமல், முதலில் இலையின் அடிப்பக்கம், அப்புறம் மேல்பக்கம். அந்த நாலு இலைச் செடிதான் இது. இப்போதுதான் முதல் தடவையாகக் காம்பு விட்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து, வரிசையாக மொட்டு வைத்தது. அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. நுனியில் இரண்டு நிற்கிறது. அந்த இரண்டும் விழுந்தால். விழுந்தால் என்ன, பூதானே. அது வேறு, இது வேறு. அவன் பொய்யை வேறு சேர்த்து வைத்திருக்கிறான். மொட்டெல்லாம் நிறைந்து நின்ற ஒரு நாள் ஆசையில் இப்படியும் அப்படியுமாக ஏகப்பட்ட போட்டோ எடுத்தான். விழ ஆரம்பித்ததும் அதிலிருந்து தினம் ஒன்றாக எடுத்து அவளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம். அவளும் தினம் ஒரு சிரிப்பு முகம் அனுப்புகிறாள். வீடியோவில் காட்டுங்க என்றால், அந்த அறையில் சிக்னல் கிடைக்காது என்கிறான். லிஃப்டுக்குள்ளேயே சிக்னல் வாங்குகிற ஆள், சொந்த வீட்டு அறையில் கிடைக்காதாம். இன்னும் மூன்று நாலு போட்டோதான் மிச்சம், அப்புறம் எந்தப் பக்கம் என்று எடுப்பது?

கடைசியாக மிஞ்சியது ஒன்று இருக்கிறது, அதை நினைக்க அவனுக்கே பிடிக்கவில்லை. அம்மா. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் கொண்டுவருவாள், இந்த அறைக்குள்ளும் வந்து செடிக்கும் நின்று காட்டுவாள், கடவுளுக்குக் காட்டுகிற அதே பயபக்தியோடு. புகை ஆகாது என்று எங்கோ படித்திருந்தான். போன மாதம் முதல் மொட்டு விழுந்த அன்று அவன் கத்திவிட்டான்: "அந்தப் பொகையத் தூக்கிக்கிட்டு இங்க வராதன்னா கேக்க மாட்டியாம்மா?" அம்மா ராஜாமணி தூபக்காலைத் தாழ்த்திப் பிடித்தாள். பிறகு புகையை மற்றொரு கையால் மறைத்துக்கொண்டு, அது குற்றம் செய்துவிட்ட மாதிரி, பின்பக்கமாகவே நடந்து போனாள். அதிலிருந்து அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. அம்மா உள்ளே வருவதே இல்லை, மொட்டு விழுவதும் நிற்கவில்லை. அது அவனுக்கு வலித்தது, வசதியாகவும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில். வசதி எதற்கென்றால், அதற்குச் சில நாள் முன்னால் செடி இருக்கிற பெஞ்சுக்கு அடியில் வந்து சேர்ந்த பெட்டிக்கு. கோகிலவாணிக்கு மாம்பழம் வேண்டும். வேறெதுவும் கேட்காதவள், படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, "ஒரே ஒரு இமாம்பசந்த், ஒரு துண்டு" என்றாள். டாக்டரம்மாவும் தாராளமாகச் சாப்பிடட்டும் என்றுவிட்டார். ஆனால் அம்மாவிடம் மாம்பழம் என்ற சொல்லையே எடுக்க முடியாது. சூடு. மாசமாக இருக்கிறவள் பப்பாளியும் மாம்பழமும் கண்ணால் பார்க்கவே கூடாது. இரண்டு தடவை போனதற்கும் அம்மா மனதுக்குள் என்னென்ன பழத்தைக் காரணமாக வைத்திருக்கிறாளோ, யாருக்குத் தெரியும். அதனால் மார்க்கெட்டில் நன்றாக விளைந்த செங்காயாகப் பார்த்து வாங்கி, யாரும் பார்க்காமல் கொண்டுவந்து, மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கி, சீக்கிரம் பழுக்கட்டும் என்று நடுவில் நல்ல பழமாக ஒன்றை வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி இங்கே தள்ளிவிட்டான். வாசனை வெளியே போகாமல் ஜன்னலையும் சாத்தினான். முதல் பெட்டியில் பழுத்ததை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் மறைத்து ஆஸ்பத்திரிக்குக் கடத்தினான். தீர்ந்ததும் இரண்டாவது பெட்டி. நாற்பது வயதை எட்டப்போகிறவன், அம்மாவுக்குப் பயந்து மாம்பழம் கடத்துகிறான். சிரிப்பு வந்தது. சட்டைப் பையில் மொட்டு உறுத்தியது, சிரிப்பு நின்றுவிட்டது.

எறும்பு. ஜன்னல் சட்டத்தின் மூலையிலிருந்து ஒரு வரிசை சுவரோரமாக இறங்கி, பெஞ்சின் காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது: இதோ, இருக்கிறது, ஏதோ ஒன்று இருக்கிறது. எறும்பு போகிற இடத்தில் மாவுப்பூச்சி இருக்கும், அது விடுகிற இனிப்புக்குத்தான் எறும்பு வரும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். எங்கோ ஓர் இடுக்கை விட்டுவிட்டான். பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்துக்கொண்டு மண்டியிட்டு, போனில் வெளிச்சம் போட்டு வரிசையோடு கூடவே போனான். பெஞ்சின் கால் வந்தது. எறும்பு மேலே ஏறவில்லை. ஒன்றுகூட ஏறவில்லை. தொட்டி இருக்கிற திசையை ஏறிட்டும் பார்க்காமல், நேரே உள்ளே போய், சாக்குக்கு அடியில் நுழைந்து மாம்பழப் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அட போங்கடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்தான். எறும்புக்குக்கூட வேண்டாத செடியாகிவிட்டது. அந்தக் கடைசிக் காரணமும் கழிந்தது. மேலே அந்த இரண்டு மொட்டும் அசையாமல் நின்றன. கீழேயிருந்து பார்க்கும்போது ஒன்றின் அடியில் மஞ்சள் ஏறியிருக்கிறதா, வெளிச்சம் அப்படிக் காட்டுகிறதா என்று சொல்ல முடியவில்லை. முதல் தடவையாக அவனுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், வேர்வையோடு கலந்து, கழுத்து வழியாக இறங்கியது. கையில் வெளிச்சத்தோடே இருந்த போன் அப்போதுதான் அடித்தது.

"ஏங்க, சாப்டீங்களா?" கோகிலவாணிதான். அதைக் கேட்கமாட்டாள் என்று அவன் நினைத்திருந்தான், அதையே முதலில் கேட்டாள். ம் என்றான். "அத்தை?" என்றாள். "படுத்திருக்குது. நீ?" "நான் எங்க போறேன், படுத்துக்கிட்டேதான் இருக்கறேன். காலையில இருந்து உள்ள ஒரே ஒதைங்க. டாக்டரம்மா கைய வச்சுப் பாத்துட்டு, பய சும்மா இருக்க மாட்டான் போலன்னு சிரிக்கறாங்க." நல்லது என்று மட்டும் சொன்னான். "செடி?" "நல்லாத்தான் இருக்குது." பிறகு, "ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல? நீங்க அனுப்பற போட்டோவுல தெனமும் ஞாயித்துக்கிழமையாவே இருக்குது" என்றாள். அவன் தலையைத் திருப்பினான். தொட்டிக்குப் பின்னால் சுவரில் அரிசி மண்டியில் கொடுத்த தினசரி காலண்டர். இந்த அறையில் தாள் கிழிப்பது அவள் வேலை. அவள் போனபிறகு, போட்டோ எடுத்த அன்றைக்கு அழகாகத் தெரியட்டும் என்று அவன் கிழித்தது, அதோடு சரி. பெரிய சிவப்பு எழுத்தில் அந்த ஞாயிறு இன்னும் தொங்குகிறது. ஒவ்வொரு போட்டோவிலும் தொங்கியிருக்கிறது. ஒரு துளி ரத்தத்தில் என்னென்னவோ கண்டுபிடிக்கிறவளிடம் போய் அவன் இந்த வேலையைக் காட்டியிருக்கிறான். "எத்தனை போச்சு?" என்றாள், அதட்டாமல். "பாதிக்கு மேல. நுனியில ரெண்டுதான் நிக்குது. ஏன்னு தெரியல வாணி. வேரு நல்லாருக்குது, பூச்சி இல்ல, எல்லாம் பாத்துட்டேன், ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாம..." குரல் உடைந்துவிட்டது. "அழுவறீங்களா?" "இல்ல." "அழுவாம கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. மொட்டு கறுத்து விழுவுதா, மஞ்சளா சுருங்கி விழுவுதா?" "மஞ்சளா." "ஜன்னலு?" "சாத்தித்தான் வச்சிருக்கறேன். கதவும்." "அறைக்குள்ள புதுசா என்ன வச்சீங்க?" "ஒண்ணும் வைக்கலியே" என்றவன் நிறுத்தினான். "மாங்கா. பெஞ்சுக்கடியில. உனக்குத்தான். அம்மா பாத்துட்டா வம்புன்னு." "பழுக்க வச்சிருக்கீங்களா? அந்த ரூம்லயா? மூடியா?" பதில் சொல்வதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து, "ஐயோ, தையல் போட்டுருக்குதுங்க, சிரிக்க வைக்காதீங்க" என்று மூச்சு வாங்கினாள். அவன் பயந்துபோய் சிரிக்காதே சிரிக்காதே என்று கெஞ்சினான். "பழுக்கற பழத்துல இருந்து ஒரு வாயு வருமுங்க. நடுவுல ஒரு பழம் வச்சா மத்ததும் பழுக்குதில்ல, அது அந்த வாயுவாலதான். அது பட்டா மொட்டு தனக்கு வயசாயிருச்சுன்னு நெனச்சு உதுந்துரும். பூச்சியுமில்ல, நோயுமில்ல. மாம்பழந்தான். நீங்க எனக்கு வாங்கின மாம்பழம்." "அப்ப செடிக்கு ஒண்ணுமில்லியா?" "செடிக்கு ஒண்ணுமில்ல. இருக்கற ரெண்டும் போனாக்கூட கணுவுக்கு மேல வெட்டிவிட்டா பக்கத்துல கெளை வரும்." பிறகு அவள் குரல் இறங்கியது. "எனக்கும் ஒண்ணுமில்லைங்க. நீங்க என்ன நெனச்சு மறைச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா? போட்டோவப் பாத்துட்டு நானும் ரெண்டு நாளு அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அப்பறம் இவன் ஒதைக்கற ஒதைக்கு நெனக்கவே வுடல. ஜன்னலத் தெறங்க. நெஜமா ஒரு போட்டோ அனுப்புங்க." போனை வைத்த பிறகும் அவன் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

காரணம் இருக்கிறது. காரணம் இருக்கிறது என்பதே வயிற்றில் மோர் இறங்கினதுபோல இருந்தது. எழுந்து ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளினான். அனல் காற்றுதான், ஆனாலும் காற்று. பெட்டியைப் பிடித்து வெளியே இழுத்தான், தரையில் கிரீச்சென்று அது போட்ட சத்தத்துக்குத் தெருவே எழுந்திருக்கும். கதவைத் திறந்தால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். வாசலில்தான், ஒரு கால்கூட உள்ளே வைக்காமல். அவன் பெட்டியை மறைக்கப் பார்த்தான்; அவ்வளவு பெரிய பெட்டியை எதை வைத்து மறைப்பது. "ஒரு மாசமா வாசம் ஊரத் தூக்குது" என்றாள் ராஜாமணி. "எனக்கென்ன மூக்கு இல்லைன்னு நெனச்சியா சாமி? நீ வாயத் தெறந்து சொல்லுவீன்னு பாத்தேன்." மாம்பழம் சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதை அவன் சொன்னான், திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரித் திக்கித் திக்கி. அம்மா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை, அவன் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் ஒண்ணு வுளுந்துச்சா? குடு." அவன் எடுத்துக் கொடுத்தான். "உன்ர சட்டைய நாந்தான தொவைக்கறேன். மொதல்ல என்னமோ காஞ்ச கடலைன்னு நெனச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுது. எனக்கும் குப்பையில போட மனசு வரல, சாமிகிட்ட கிண்ணத்துல போட்டு வச்சிருக்கறேன்." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பொகை இல்லம்மா. நாந்தான். நான் வச்ச மாம்பழந்தான். உன்னப் போயிக் கத்திட்டேன்" என்றான். "சரி வுடு" என்று அவள் குனிந்து வைக்கோலை விலக்கி, ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ஒன்றை எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள். "ரெண்டு துண்டு. தோலச் சீவிக் குடுக்கறேன். அதுக்கு மேல குடுத்தீன்னா பாத்துக்க" என்றவள், நாலடி போய்த் திரும்பி, "மூணு" என்றாள்.

அடுப்படியில் கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டது. அவன் அறைக்குள் திரும்பி வந்து காலண்டருக்கு முன்னால் நின்றான். அந்த ஞாயிறைக் கிழித்தான், திங்கள் கிழித்தான், செவ்வாய் கிழித்தான், பயந்துகொண்டே எழுந்த நாளெல்லாம் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டான். இதற்குக் கை தாராளமாகப் போனது. செடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தான், காலியான காம்பு முழுசாகத் தெரியும்படி, விழுந்த இடத்துத் தழும்பெல்லாம் தெரியும்படி, நுனியில் அந்த இரண்டும் தெரியும்படி. ஒன்றில் மஞ்சள் இருக்கத்தான் செய்தது. மற்றொன்று பச்சையாகவே இருந்தது, கொஞ்சம் பருத்தும் இருந்தது, மூடின விளிம்பில் வெள்ளை ஒரு கோடாகத் தெரிந்தது. அவன் போட்டோ எடுத்து அப்படியே அனுப்பினான். பின்னால் சுவரில் தேதி சிவப்பில், பெரிதாக விழுந்திருந்தது. இன்றைக்கு நிஜமாகவே ஞாயிற்றுக்கிழமை.